வெறும் டிஸ்க்கில் முதலில் ஏறுவது யார்?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து நடந்தே, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விடலாம். ரோச்சோர் கெனால் ரோடும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. பழைய மடிக்கணினி வாங்க அங்கே போகிறவர்களில் ஒரு சாரார், "ஓஎஸ் போடாமல் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று பேரம் பேசுவார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய பெட்டிகள் பலவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை மின்கழிவுத் தொட்டியில் போட மனம் வராதவர்கள் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பக்கம் வருகிறார்கள்.

வாங்கி வந்து பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வரும்: இயங்குதளம் எதுவும் கிடைக்கவில்லை. உடனே ஒரு தம்ப் டிரைவைச் செருகி, மறுபடி உயிர்ப்பிக்கிறீர்கள். வண்ணத்திரை வருகிறது, மொழியைக் கேட்கிறது, வைஃபையைத் தேடுகிறது, சுட்டி அசைகிறது.

கொஞ்சம் யோசித்தால் இது வினோதம். எந்த நிரலும் ஓட இயங்குதளம் வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? இயங்குதளத்தைப் போடுவதும் ஒரு நிரல்தான். இயங்குதளமே இல்லாத கணினியில் அது எதன்மேல் நின்றுகொண்டு ஓடுகிறது?

தாழ்வாரத்தில் நின்றபடி வேலை

இயங்குதளத்தைக் கணினியில் பதிக்கும் நிரலை 'நிறுவி' என்போம். அது எங்கே குடியிருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

வீடமைப்புக் கழக வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரரைப் பார்த்திருப்பீர்கள். தரையைப் பெயர்க்கும்போது சாமான்களையெல்லாம் வெளியே தாழ்வாரத்தில் வைத்துக்கொள்வார். நிறுவியும் அப்படித்தான், அதன் தாழ்வாரம் நினைவகம், அதாவது கடைக்காரர் '8 ஜிபி ரேம்' என்று சொல்லி விற்கும் அந்தப் பகுதி. மின்சாரம் போனால் அங்கே இருப்பதெல்லாம் காலி. ஆனால் வேலை முடிகிற வரைக்கும் அது போதும்.

அங்கே போய்ச் சேருவது இப்படி. கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு உண்டு. அதில் தொழிற்சாலையிலேயே எழுதிவிட்ட நிரல் இருக்கிறது. பழக்கத்தில் 'பயோஸ்' என்கிறோம். டிஸ்க்கைக் கழற்றிப் போட்டாலும் அது அங்கேயே இருக்கும். அதற்குத் தெரிந்த வித்தை கொஞ்சம்தான்: தம்ப் டிரைவில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு கோப்பைத் தேடு, நினைவகத்துக்குக் கொண்டுவா, ஆட்சியை அதனிடம் ஒப்படை. அந்தக் கோப்பு தன்னைவிடப் பெரிய ஒன்றைக் கொண்டுவருகிறது: லினக்ஸின் கருவான கெர்னலும், அதோடு சுருக்கிக் கட்டிய ஒரு கோப்புமூட்டையும். மூட்டை நினைவகத்திலேயே அவிழ்கிறது. அவிழ்ந்ததும் அங்கே முழுமையான ஒரு குட்டி இயங்குதளம் தயார். நிறுவி ஓடுவது அதன்மேல்.

பிறகு நிறுவி டிஸ்க்கைப் பாகம் பிரிக்கிறது, ஒரு பாகத்தில் அடிப்படைக் கோப்புகளை வரிசையாக இறக்குகிறது. போதுமான அளவு இறங்கியதும் ஒரு தந்திரம் செய்கிறது. 'இனி இந்தப் பாகம்தான் உன் உலகம்' என்று புதிய கோப்புகளை நம்பவைத்து, மீதி வேலையைப் புதிய இயங்குதளத்தின் கருவிகளைக் கொண்டே முடித்துக்கொள்கிறது. கடைசியில், அடுத்த முறை பயோஸ் எங்கே தேட வேண்டும் என்பதைப் பதிவுசெய்துவிட்டுக் கணினியை மறுபடி உயிர்ப்பிக்கச் சொல்கிறது. நினைவகம் காலியாகிறது, நிறுவியும் அதோடு மறைந்துவிடுகிறது.

'இல்லை'யின் மேல் நிற்கும் குறி

எடுத்துக்காட்டுக்கு டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவியையே எடுத்துக்கொள்கிறேன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம் இது. இன்றும் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். உபுண்டு உட்படப் பல இயங்குதளங்களுக்குத் தாய்வீடு. இதன் இன்றைய நிறுவி 2005 ஜூனில் டெபியன் 3.1 பதிப்போடு வந்தது. அதற்கு முந்தையதன் பெயரிலேயே 'ஃபிளாப்பி' இருந்தது என்றால் காலம் புரியும்.

டெபியன் நிறுவி எத்தனையோ கேள்வி கேட்கும். மொழி, இடம், விசைப்பலகை, கடவுச்சொல், டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது. நீங்கள் பதில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் நினைவகத்தில் குறித்துக்கொள்ளும். டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடத் தொடாது. பாகம் பிரிக்கும் திரையில் நீங்கள் விண்டோஸ் பாகத்தை அழித்தாலும், மனம் மாறித் திரும்ப வைத்தாலும் எல்லாம் காகிதத்தில் போட்ட கோடுதான்.

பிறகு ஒரு திரை வரும். செய்யப்போகும் மாற்றங்களை வரிசையாகச் சொல்லி, டிஸ்க்கில் எழுதட்டுமா என்று கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு விடைகள். குறி முன்கூட்டியே 'இல்லை'யின் மேல் நிற்கும். தூக்கக் கலக்கத்தில் என்டரைத் தட்டிக்கொண்டே போகிறவரின் கல்யாணப் படங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு குறிதான். மற்ற மென்பொருள்களில் தவறினால் திரும்பப் போடலாம். நிறுவியில் தவறினால் முன்பு இருந்ததும் போய்விடும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 மேம்படுத்தல் சிலருடைய ஆவணங்களை அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்தது.

இல்லாத கணினியில் அழித்துப் பார்ப்பது

இப்போது நிறுவியை எழுதுகிறவர்களின் பக்கம் போவோம். ஒரு வரியை மாற்றினால் சோதிக்க வேண்டும். சோதிப்பது என்றால் ஒரு கணினியை முழுக்க அழித்துப் புதிதாகப் போடுவது. நாளுக்கு இருபது முறை இதைச் செய்ய யாரிடம் கணினி இருக்கிறது?

அதனால் இல்லாத கணினியை உண்டாக்கிக்கொள்கிறார்கள். இதை 'மெய்நிகர் கணினி' என்போம். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட கியூஎமு போன்ற நிரல் ஒன்று, உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதாக நிறுவியை நம்பவைக்கிறது. அதற்கு 20 ஜிபி டிஸ்க் வேண்டுமா? டிஸ்க் என்று அதற்குக் காட்டப்படுவது உங்கள் கோப்புறையில் கிடக்கும் ஒரு கோப்பு. நிறுவி வெகு கவனமாக அதைப் பாகம் பிரிக்கும், அழிக்கும், எழுதும். கெட்டுப்போனால் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். நடுவில் ஒரு கட்டத்தில் 'படம்' எடுத்துவைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் அந்தக் கட்டத்துக்கே திரும்பிப் போகலாம். கேள்விகளுக்கான விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக்கொடுத்துவிட்டால், நிறுவி யாரையும் கேட்காமல் தானே ஓடி முடிக்கும்.

ஆனால் மெய்நிகர் கணினி ரொம்ப நல்ல பிள்ளை. நிஜப் பெட்டிகள் அப்படி இல்லை. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10-ஐப் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டி வந்தது. லெனோவோ முதலிய சில மடிக்கணினிகளில் அதிலிருந்த ஓர் இயக்கி பயோஸ் சில்லின் அமைப்பைக் குழப்பிவிட்டது. அதன்பின் பயோஸில் எந்த மாற்றமும் சேமிக்க முடியவில்லை. சிலவற்றில் தம்ப் டிரைவிலிருந்து உயிர்ப்பிக்கவும் முடியவில்லை. திருத்திய பதிப்பு 2018 ஜனவரியில்தான் வந்தது. நான் மேலே 'ஓர் எழுத்துகூடத் தொடாது' என்றேன். டிஸ்க்கைத்தான் தொடவில்லை, சில்லைத் தொட்டுவிட்டது! மெய்நிகர் கணினியில் அந்தச் சில்லே கிடையாது. ஆயிரம் முறை சோதித்திருந்தாலும் அங்கே இது தெரிந்திருக்காது.

திரையைப் பார்க்கும் ரோபோ

மெய்நிகர் கணினியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது யார்? ஓப்பன்சூசே என்னும் இன்னொரு லினக்ஸ் குழுவினர் இதற்காக 'ஓப்பன்கியூஏ' என்ற கருவியைச் செய்தார்கள். ஃபெடோரா என்னும் லினக்ஸ் குழுவும் டெபியனும்கூட அதைப் பயன்படுத்துகின்றன.

இந்த ரோபோவுக்குக் கைகால் இல்லை. மெய்நிகர் கணினியின் திரையைப் படமாக எடுக்கும், கையிலுள்ள மாதிரிப் படத்தோடு ஒப்பிடும், பொருந்தினால் அடுத்த விசையைத் தட்டும். மாதிரிப் படத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஊசி'. படம் முழுவதும் பொருந்த வேண்டியதில்லை. மூலையில் கடிகாரம் இருந்தால் அது ஒவ்வொரு முறையும் மாறுமே! அதனால் 'இந்தத் தலைப்பும் இந்தப் பொத்தானும் இருந்தால் போதும்' என்று ஊசியில் கட்டம் போட்டுக் குறித்திருப்பார்கள். பொருந்தவில்லையென்றால் சிவப்பு விழும், காலையில் ஒரு மனிதர் வந்து பார்ப்பார். பாதிச் சிவப்புகள் யாரோ பொத்தானைக் கொஞ்சம் நகர்த்தியதால் வந்தவை என்பது இந்த வேலையில் இருப்பவர்களின் நிரந்தரப் புலம்பல்.

சரி, எல்லாவற்றையும் ரோபோவிடமே விட்டுவிடலாமே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயிர்ப்பிக்கும் முறை பழையது, புதியது என 2. தம்ப் டிரைவ் அல்லது வலையமைப்பு, அது 2. டிஸ்க்கின் நிலை காலி, விண்டோஸ் உள்ளது, வேறு லினக்ஸ் உள்ளது, குழம்பிக் கிடக்கிறது என 4. டிஸ்க்கைப் பூட்டுவதா வேண்டாமா, 2. பெருக்கினால் 32. டெபியன் நிறுவி 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசும். 70 என்றே வைத்தால் 2,240. இடப்பட்டியலில் 240 என்று வைத்துக்கொண்டால் 537,600. ஒன்றுக்கு 15 நிமிடம் என்றால் ஒரு கணினி இரவு பகலாக 15 ஆண்டு ஓட வேண்டும். டெபியனில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது.

ஆகவே சிலவற்றைத் தேர்ந்தெடுத்தே சோதிக்கிறார்கள். ஆங்கிலம் பலமுறை, ஜெர்மன் சிலமுறை. மிச்சம் விட்ட சேர்க்கைகளில் என்ன இருக்கும்? நமக்கு வேண்டிய ஒன்றை எடுத்துப் பார்ப்போம்.

மொழி தமிழ், இடம் சிங்கப்பூர்

தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. டெபியன் நிறுவியில் தமிழும் உண்டு, சிங்கப்பூரும் உண்டு. ஒரு மெய்நிகர் கணினியைத் திறந்து இரண்டையும் தேர்ந்தெடுப்போம்.

முதல் தடுக்கல் மொழிப் பட்டியலிலேயே. நிறுவிக்கு இரண்டு முகங்கள்: வெறும் எழுத்துகளாலான திரை, சுட்டியோடு கூடிய வரைகலைத் திரை. எழுத்துத் திரையைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் தமிழே இருக்காது. இது வழுவல்ல, தெரிந்தே செய்தது. லினக்ஸின் எழுத்துத் திரை அதிகம் போனால் 512 வடிவங்களைத்தான் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும். கட்டத்துக்கு ஓர் எழுத்தாக இடமிருந்து வலமாக அடுக்கத்தான் அதற்குத் தெரியும். 'கொ' என்பதைக் கணினி முதலில் 'க', பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். இந்த இடமாற்றம் எழுத்துத் திரைக்கு வராது. வரைகலை நிறுவி 2007 ஏப்ரலில் டெபியன் 4.0 பதிப்போடு வந்தது. இந்தி, மலையாளம், வங்காளம் ஆகியவற்றோடு தமிழும் இன்றுவரை அந்த முகத்தில்தான் பேசுகிறது.

இந்த இடத்தில் ரோபோவின் குறை ஒன்று தெரிகிறது. தமிழ்த் திரைக்கு யாரோ ஓர் ஊசி செய்கிறார் என்று வைப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்று கொம்பு தவறான பக்கம் விழுந்திருந்தது. அதையே மாதிரியாகச் சேமித்துவிட்டார். அதற்குப் பிறகு ரோபோ ஒவ்வோர் இரவும் அந்தத் தவற்றைப் பார்த்துப் பச்சை காட்டிக்கொண்டே இருக்கும். யாராவது திருத்திவிட்டால்தான் சிவப்பு விழும். நேற்றுப்போலவே இன்றும் இருக்கிறதா என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது.

வரைகலைத் திரைக்கு வருவோம். தமிழைத் தேர்ந்தெடுத்ததும் இடத்தைக் கேட்கும். தமிழுக்கென்று காட்டும் குறும்பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. 'மற்றவை'யைத் தட்டி, ஆசியாவுக்குள் நுழைந்து, அங்கே பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டோம். தொடர்ந்தால் எதிர்பாராத திரை ஒன்று: நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியும் நாடும் சேர்ந்த அமைப்பு எதுவும் இல்லை, இருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்ற பொருளில். நிறுவி முரண்டு பிடிக்கவில்லை. தனக்குக் கீழே இருக்கும் ஒரு கோப்பு இல்லாததைத்தான் சொல்கிறது.

அந்தக் கோப்பை 'ஊர்க்குறிப்பு' என்று அழைப்போம். மொழிக்கும் நாட்டுக்குமாகச் சேர்த்து ஒன்று இருக்கும். நாணயக் குறி என்ன, எண்ணில் காற்புள்ளி எங்கே, தேதி எந்த வரிசையில், தொலைபேசிக் குறியீடு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் ஆங்கிலம்-சிங்கப்பூர் இருக்கிறது, சீனம்-சிங்கப்பூர் இருக்கிறது. தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரண்டே. மலாய்க்கு மலேசியா மட்டும். நாலில் இரண்டு மொழிகளுக்குச் சிங்கப்பூர்க் குறிப்பு இல்லை.

வேறு வழியில்லாமல் தமிழ்-இந்தியாவைத் தேர்ந்தெடுத்து முடிக்கிறோம். கடிகாரம் சரியாக இருக்கும். நேர மண்டலத்தை நிறுவி இடத்திலிருந்துதான் எடுக்கிறது. சிங்கப்பூருக்கு ஒரே மண்டலம் என்பதால் கேள்விகூடக் கேட்காது. (அந்த மண்டலக் கோப்புக்குள் தனிச் சரித்திரமே உண்டு. சப்பானியர் ஆண்ட காலத்தில் தோக்கியோ நேரம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குக் கடிகாரத்தை அரைமணி தள்ளி நள்ளிரவாக்கினார்கள். அந்த ஆண்டு சிங்கப்பூருக்கு அரைமணி குறைவு.) ஆனால் விரிதாளைத் திறந்து ஒரு தொகைக்கு நாணயக் குறி போடச் சொல்லுங்கள். வெள்ளிக் கணக்குக்கு முன்னால் ரூபாய்க் குறி வந்து நிற்கும். 125,000 என்று சிங்கப்பூரில் எழுதுவதை 1,25,000 என்று பிரிக்கும். விஷயம் தெரிந்தவர்கள் 'செய்திகள் தமிழில், மற்றதெல்லாம் ஆங்கிலம்-சிங்கப்பூர் முறையில்' என்று பின்னால் பிரித்து அமைத்துக்கொள்வார்கள். தெரியாதவர் ஆங்கிலத்துக்கே போய்விடுவார்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. இணையத்தில் தமிழ் முதலடி வைத்த ஊர் என்ற பெயர் சிங்கப்பூருக்கு இருக்கிறது. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய தளத்துக்காகத் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். 1997-இல் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்த ஊருக்கு ஒரு சின்னக் கோப்பு இல்லை. பெரிய வேலையும் இல்லை: இந்தியக் குறிப்பைப் படியெடுத்து, நாணயத்தையும் எண் பிரிப்பையும் தொலைபேசிக் குறியீட்டையும் மாற்றினால் பெரும்பகுதி முடிந்தது. யூனிகோட் அமைப்பின் தரவுக் களஞ்சியத்தில் தமிழ்-சிங்கப்பூர் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கைப்பேசியின் மொழி அமைப்பில் தமிழுக்குக் கீழே சிங்கப்பூர் வருவது அதனால்தான்.

கோப்பை ஒருவர் எழுதிக் கொடுத்தாலும் நிறுவிக்கு அது நேரே வராது. முதலில் ஜிலிப்சி ஏற்க வேண்டும். அந்த ஜிலிப்சி டெபியனுக்குள் வர வேண்டும். அதன் பட்டியலிலிருந்து நிறுவியின் குறும்பட்டியல் புதுப்பிக்கப்பட வேண்டும். அதுவரை 'மற்றவை' வழிதான்.

சோதித்தவர் என்ன எழுத வேண்டும்

எந்த ரோபோவுக்கும் எட்டாத சேர்க்கைகளுக்காக டெபியன் ஒரு வழி வைத்திருக்கிறது: நிறுவல் அறிக்கை. நிறுவி ஓடும்போது என்னென்ன நடந்தது என்பதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே வரும். வேலை முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டைப் புதிய டிஸ்க்கில் ஒரு கோப்புறையில் போட்டுவிட்டுத்தான் மறையும். நீங்கள் அறிக்கை அனுப்பும்போது அது இணைப்பாகப் போகிறது.

குறிப்பேட்டில் எதை எழுதக்கூடாது என்பதும் சோதிக்க வேண்டிய விஷயம். 2006 மார்ச்சில் உபுண்டு 5.10 பயனர்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்று வந்தது. நிறுவியின் கேள்விபதில் பதிவில் முதல் பயனரின் கடவுச்சொல் அப்பட்டமாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணினியில் கணக்குள்ள யாரும் திறந்து படிக்கலாம். நிறுவல் எந்தக் குறையுமில்லாமல் முடிந்திருந்தது. எல்லாத் திரையும் சரி. முடிந்த பிறகு எதை விட்டுச் சென்றது என்று பார்த்தால்தான் தெரியும். 

அறிக்கையில் நிரப்ப வேண்டியவை எளிமையானவை. எதிலிருந்து உயிர்ப்பித்தீர்கள், எந்தத் தேதியிட்ட நிறுவி, என்ன கணினி, டிஸ்க் எப்படிப் பிரிந்தது. அடுத்து நிறுவலின் ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம்: சரியாக நடந்தது, தவறியது, முயலவில்லை. கீழே உங்கள் கருத்துக்கு இடம் இருக்கும். தமிழ்-சிங்கப்பூர்ச் சேர்க்கையைச் சோதித்தவர் மேலே எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுவிட்டு, கீழே நாணயக் குறியைப் பற்றி இரண்டு வரியும் திரையின் ஒரு படமும் சேர்த்து அனுப்பலாம். ஜிலிப்சிக்குத் தனியாக இன்னொன்று அனுப்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் நிறுவிக்காரர்களின் முதல் பதில் பெரும்பாலும், "கோப்பு எங்களிடம் இல்லை, மேலே கேளுங்கள்" என்பதாகத்தான் இருக்கும்.